ஹோல்டில் வைத்த புழுக்கள்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு டேபிள் ஃபேன் இருந்தது. அது மீன்களுக்கு. சேரப்பணஞ்சேரி வெயிலில் தலைக்கு மேலே சிமென்ட் ஷீட்டுக் கூரை தகித்துக்கொண்டிருக்கும். நானும் அம்மாவும் நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எதிரே மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டியின் தண்ணீர்மேல் ஃபேன் நாள் முழுக்கக் காற்று வீசிக்கொண்டிருக்கும்.

“தண்ணி சூடாச்சின்னா பவளம் செத்துடும்” என்பார் அப்பா.

“அப்ப நாங்க?” என்பாள் அம்மா.

“நமக்குப் பழக்கந்தான?”

அந்தத் தொட்டி எங்களுடையது அல்ல. அப்பா ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வெளிநாட்டு மேனேஜர் ஒருவருக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்களிடம் கம்பெனி வேலை என்று சொல்லிக்கொண்டாலும், டிராவல்ஸ்காரர் மூலமாகப் போன கான்ட்ராக்ட் டிரைவர்தான். ஆறு வருடமாக அதே கேட்டுக்குள் போய் வந்தும் அவர் கழுத்தில் தொங்கியது விசிட்டர் அட்டை. மேனேஜருடைய குடும்பம் அவர் நாட்டில் இருந்தது. இங்கே வாடகை வீட்டில் அவருக்குத் துணை அந்தக் கடல் தொட்டி மட்டும்தான். ஆறு மாதம் ஊருக்குப் போய்வர வேண்டும் என்று வந்தபோது, தொட்டியை யாரிடம் விடுவது என்று அவர் தவித்திருக்கிறார். அப்பா முந்திக்கொண்டு, “ஐ டேக் கேர் சார்” என்று சொல்லிவிட்டார்.

அதற்கு அவர் அப்பாவின் தோளில் கைவைத்து, திரும்பி வந்ததும் உன்னைக் கம்பெனியில் பர்மனென்ட் ஆக்குவது பற்றிப் பேசுகிறேன் என்றாராம். பேசுகிறேன் என்றாரா, பேசிப் பார்க்கிறேன் என்றாரா என்பது எங்களுக்குத் தெரியாது. முதல் வாரம் அப்பா சொன்னபோது அது “பேசிப் பாக்கறேன்னாரு” என்று இருந்தது. ஒரு மாதத்தில் “பேசறேன்னாரு” ஆனது. இரண்டாம் மாதம், மண்ணூரிலிருந்து அத்தை வந்திருந்தபோது, “ஆக்கிட்றேன்னு சொல்லிக்கீறாரு” என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

பர்மனென்ட் என்றால் கம்பெனி சட்டை, பேட்ஜ், கேன்டீன் சாப்பாடு, உடம்புக்கு வந்தால் ஆஸ்பத்திரி. அப்பாவுக்கு அது அவ்வளவும் வேண்டும். அம்மாவுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவள் செல்போன் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தாள். நகத்தளவு பாகங்கள் ஒட்டிய பச்சை நிற போர்டுகளை லென்ஸ் வழியாக எட்டு மணி நேரம் பார்த்து, எதில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று கண்டுபிடிக்கும் வேலை. வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் தூங்குவாள், வரும்போதும் தூங்குவாள், வீட்டில் மட்டும் தூக்கம் வராது.

“உங்கப்பாக்கு மட்டும் பர்மனென்ட் ஆவட்டும். அன்னைக்கே வேலைய வுட்டுட்டு ஒரு மாசம் படுத்துத் தூங்கப் போறேன். என்னை யாரும் எழுப்பக் கூடாது” என்பாள். சோறு கேட்கக்கூடவா எழுப்பக் கூடாது என்று நான் கேட்டதற்கு, அதற்கும்தான் என்றாள்.

அதனால் குட்டியானை வண்டியில் தொட்டி வந்து இறங்கியபோது நாங்கள் மூன்று பேரும் அதைச் சாமி சிலை மாதிரி கைத்தாங்கலாக இறக்கினோம். எனக்கு அப்போது பத்து வயது. பவளம் என்றால் மோதிரத்தில் வைக்கும் சிவப்புக் கல் என்றுதான் நினைத்திருந்தேன். இதுவோ பாறையில் ஒட்டிய பச்சைப் பச்சைப் பொத்தான்களும், பழுப்பு நிறக் காளான்களுமாக இருந்தது. நீல விளக்கைப் போட்டால் மெல்ல விரியும். அணைத்தால் சுருங்கும். கூடவே இரண்டு ஆரஞ்சு மீன்கள், ஓர் இறால். மேனேஜர் எழுதிக் கொடுத்த விதிகளைச் சுவரில் ஒட்டியிருந்தார் அப்பா. சோப்புக் கையை விடக்கூடாது. முழங்கைவரை வெறும் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் தொடவேண்டும். அவர் கொடுத்த உப்பையும் உணவையும் தவிர வேறு எதையும் உள்ளே போடக்கூடாது. இதில் மூன்றாவது விதிக்குக் கீழே அப்பா பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார்.

இரண்டு மாதம் எல்லாம் நன்றாகப் போனது. அப்போது தினமும் கரண்ட் போகும் காலம். ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போனதும், அப்பா சொல்லிக்கொடுத்தபடி பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாயைப் போட்டுவிட்டு டார்ச்சை அடித்துப் பார்த்தேன். பாறை இடுக்கிலிருந்து ஏதோ ஒன்று நீண்டு வந்தது. பூரான் மாதிரி, ஆனால் மெத்தென்று, இரண்டு பக்கமும் வெள்ளை மயிரோடு. வெளிச்சம் பட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் பின்கட்டில் குடியிருந்த அண்ணன் ஓடிவந்துவிட்டார். அவர் தூத்துக்குடிக்காரர், ஒரகடத்தில் டயர் கம்பெனியில் வேலை.

அப்பா வந்து விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. “பூச்சி வுழுந்துடுச்சி. எல்லாத்தையும் தின்னுடப் போவுது. இடுக்கில சுடுதண்ணி ஊத்திடலாமா?” என்று பரபரத்தார்.

அம்மா அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். “கைய வச்சீன்னா பாரு” என்றாள். “இன்னான்னே தெரியாம எதையும் சாவடிக்கக் கூடாது. தெரியற வரைக்கும் ஹோல்டுல வை.”

அவள் கம்பெனியில் போர்டுகளுக்கு மூன்று தட்டுகள் உண்டாம். நல்லது பச்சைத் தட்டில். கெட்டது சிவப்புத் தட்டில். பார்த்தவளுக்கே தெரியவில்லை என்றால் மஞ்சள் தட்டில். மஞ்சள் தட்டுக்குப் பெயர் ஹோல்டு. அதிலிருப்பதை யாரும் தூக்கிப் போடவும் முடியாது, முன்னே தள்ளவும் முடியாது. தெரிந்தவர் வந்து பார்க்கும்வரை அது அங்கேயே காத்திருக்க வேண்டியதுதான். எங்கள் குடும்பமே அப்போது அந்தத் தட்டில்தான் இருந்தது என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு அந்த விளையாட்டு பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அம்மா முழங்கைவரை கையைக் கழுவினாள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. போர்டு துடைக்கும் ஸ்பிரிட் விரலிடுக்கில் இருக்கும் என்பாள். பிறகு என் சயின்ஸ் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு தொட்டிமுன் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் கிராஃப் தாளை ஒட்டச் சொன்னாள், நீளம் பார்ப்பதற்காக. எனக்குப் பழைய நோட்டு ஒன்றைக் கொடுத்து எழுதச் சொன்னாள்.

“எழுது. டைப் ஏ. நிறம், வெளிர் பழுப்பு. நீளம், தெரிஞ்ச வரைக்கும் நாலு சென்டிமீட்டர். காலு, நெறைய.”

“நெறையன்னா எத்தினிமா?”

“எண்ண வுட மாட்டேங்குது. நெறையன்னே எழுது. எடம், பெரிய பாறைக்குப் பின்னால. நிலைமை, ஹோல்டு.”

பின்கட்டு அண்ணன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். “யக்கா, இது பயப்படுத மாதிரி ஒண்ணுமில்லக்கா. எங்க ஊர்ல சகதியில தோண்டி எடுத்துத் தூண்டில்ல மாட்டுவாவ. மீனுக்கு இதுன்னா உசுரு. வெறுங்கையில மட்டும் தொட்டுறாதீய, முள்ளு ஏறிரும்” என்றார்.

அம்மா அதையும் எழுதச் சொன்னாள். ஆனால் நிலைமையை மாற்றவில்லை. ஒருத்தர் சொன்னால் போதாது, இரண்டு பேர் சொல்லவேண்டும் என்பது அவள் லைனின் சட்டம்.

அன்றிலிருந்து கரண்ட் போகும் நேரமெல்லாம் எங்களுக்குப் புழு பார்க்கும் நேரம் ஆனது. தெருவே மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் டார்ச்சோடு தயாராக இருப்போம். நான்கு நாளில் டைப் பி கிடைத்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த, கடுகளவு வெள்ளைச் சுருள். அம்மா அதன் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்து மூன்று நாள் பார்த்தாள். நகரவே இல்லை. “ஒட்டிக்கினு கெடக்குது, பாவம்” என்றாள். பத்தாம் நாள் டைப் சி. தட்டையாக, துரு நிறத்தில், அரிசி நொய் அளவில். முதலில் அழுக்கு என்று நினைத்தோம். அழுக்கு நகர்ந்தது.

அம்மாவுக்குத் திட்டாமல் வேலை செய்யத் தெரியாது. கோணலாக எழுதினால் தலையில் குட்டுவாள். நான் ஒருமுறை டைப் சி-யின் எண்ணிக்கையை எழுத மறந்துவிட்டேன். அப்போது அவள் சொன்னதை மறக்க முடியவில்லை. “கெட்டதைக் கண்டுபிடிக்காம வுட்டாக்கூட மன்னிப்பாங்க. கண்ணுல பட்டதை எழுதாம வுட்டா, அது தப்பு இல்ல, திருட்டு. எங்க லைன்ல ஒடனே வெளிய அனுப்பிடுவாங்க.”

நோட்டில் இருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டு அப்பா படப்பையில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனார். அங்கே இருந்தவரைக் கெஞ்சி மேனேஜருக்கு மெயில் போட்டார். டைப், நிறம், நீளம், எண்ணிக்கை, இடம், நிலைமை. இப்படி ஒரு கடிதத்தை அந்த மனிதர் தன் வாழ்க்கையில் ஒரு டிரைவரிடமிருந்து வாங்கியிருக்க மாட்டார். எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அப்பா அதைப் பிரின்ட் எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

டைப் ஏ நல்லது, தொடவேண்டாம். மீன் தின்னாமல் விடும் மிச்சத்தையும் அழுகலையும் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருப்பதே அதுதான், கம்பெனி ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் மாதிரி என்று எழுதியிருந்தார். டைப் பி-யால் கெடுதல் இல்லை. டைப் சி என்னவென்று தெரியவில்லை, போட்டோ அனுப்பவும்.

“ஹவுஸ்கீப்பிங்கா? அப்ப அவங்களும் கான்ட்ராக்ட்டுதான்” என்றாள் அம்மா. வெகுநாள் கழித்து அப்பா சிரித்தார்.

போட்டோதான் பிரச்சினை. அம்மா ஒரு நாளைக்கு எத்தனையோ கேமரா போன்களின் போர்டுகளைப் பார்க்கிறாள். வீட்டில் இருந்த ஒரே போனில் டார்ச்சும் பாம்பு விளையாட்டும்தான் இருந்தன. கடைசியில் பின்கட்டு அண்ணனின் போனில் எடுத்து அனுப்பினோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் முகம்தான் தெளிவாக விழுந்தது. புழு மங்கலாகத் தெரிந்தது.

பதில் வரவில்லை. டைப் சி மட்டும் பெருகிக்கொண்டே போனது. ஏழு என்று எழுதிய இடத்தில் முப்பது ஆனது, பிறகு எண்ண முடியவில்லை. பச்சைப் பொத்தான்களின்மேல் துரு பிடித்த மாதிரி படர்ந்தது. அவற்றில் சில பகலிலும் விரியாமல் மூடிக் கிடந்தன.

அந்த வாரம் பார்த்து அம்மாவின் கம்பெனியில் பெரிய ஆர்டர். எட்டு மணி நேரம் பன்னிரண்டு ஆனது. வந்ததும் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டாள். தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு, பிசைந்த கையோடு தூங்கிப் போவாள். எழுப்பினால், “எந்த போர்டு?” என்பாள். தொட்டிப் பக்கம் ஐந்து நாளாக அவள் போகவில்லை. அப்பாவுக்கும் மேனேஜர் இல்லாததால் ஆள் ஏற்றி இறக்கும் வேனைக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கும் உடம்பு ஒடிந்துபோயிருந்தது. ஆனாலும் வந்ததும் நேராகத் தொட்டியிடம்தான் போய் நிற்பார்.

“கொஞ்சம் பாரேன். இன்னும் ரெண்டு பச்சை மூடிக்கிச்சி” என்றார் ஒருநாள்.

“நாளைக்குப் பாக்கறேன். கண்ணே தொறக்கல.”

“நாளைக்கு நாளைக்குன்னு, அது தின்னே தீத்துடும். வந்து இன்னாடா பண்ணி வச்சிக்கீறன்னு கேட்டாருன்னா என் கதை முடிஞ்சிது. ஆறு வருசம்டி.”

அம்மா எழுந்து வர முயன்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அப்பா வெளியே போனார். நான் பாடம் படிப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். டைப் சி போய்விட்டால் பவளம் விரியும், பவளம் விரிந்தால் மேனேஜர் சந்தோஷப்படுவார், அவர் சந்தோஷப்பட்டால் அப்பாவுக்கு பேட்ஜ், அம்மாவுக்குத் தூக்கம். என் கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

மறுநாள் பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் வரக்கூடாது என்று முந்தின நாளே டீச்சர் சொல்லியிருந்ததால், அம்மா அந்தத் தூக்கத்திலும் எனக்கு இரண்டு இட்லி வைத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடினாள். வெள்ளை மாத்திரை, இனிப்பு. எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்து, கடித்துத் தின்னச் சொன்னார் டீச்சர். ஒருத்தி பயந்து அழுதாள்.

“பயப்படாத. வயித்துக்குள்ள இருக்கற பூச்சி மட்டுந்தான் சாவும். ஒனக்கு ஒண்ணும் ஆவாது” என்று டீச்சர் அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

எனக்கு அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு மெல்வது போல் மென்றேன். டீச்சர் நகர்ந்ததும் கைக்குட்டையில் துப்பி, ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லை. விதிகளின்படி முழங்கைவரை கையைக் கழுவினேன். மாத்திரையை டம்ளரின் அடியால் நுணுக்கி, டைப் சி அதிகமாக இருந்த பாறைக்கு நேர்மேலே தூவினேன். பாதி தண்ணீரில் பரவியது. பாதி பவளத்தின் மடிப்பில் வெள்ளையாகப் போய் உட்கார்ந்தது. இரண்டு கோடு போட்ட மூன்றாவது விதி எதிரே சுவரிலேயே இருந்தது. அது கெட்ட பொருளைப் போடக்கூடாது என்பதற்காக எழுதியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மருந்து எப்படிக் கெட்ட பொருளாகும்?

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள் காலையில், ஞாயிற்றுக்கிழமை, அப்பா கூப்பிட்ட குரலில் நானும் அம்மாவும் எழுந்து ஓடினோம்.

பட்டப்பகலில், விளக்கு எரிந்துகொண்டிருக்க, டைப் ஏ எல்லாம் வெளியே வந்து மணலில் கிடந்தன. நாங்கள் இதுவரை எண்ணியது ஒன்பது. கிடந்தவை நூற்றுக்கணக்கில். கண்ணுக்குத் தெரியாமல் பாறைக்குள்ளும் மணலுக்கடியிலும் இவ்வளவு பேர் இருந்திருக்கிறார்கள். சில என் விரல் நீளம். சில இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. டைப் சி-யும் உரிந்து தண்ணீரில் மிதந்தது. மத்தியானத்துக்குள் தண்ணீர் பால் கலந்ததுபோல் ஆகி, நாற்றம் எடுத்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

இருந்த உப்பையெல்லாம் கரைத்து அப்பா தண்ணீர் மாற்றினார். கேன் தண்ணீர் போதாமல் பின்கட்டு அண்ணன் சைக்கிளில் போய்ப் போய்ச் சுமந்து வந்தார். அம்மாவுக்கு அன்று ஒருநாள்தான் லீவு, தூங்குவதற்கென்று வைத்திருந்த நாள். அவள் முட்டிபோட்டு உட்கார்ந்து, செத்த புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தட்டில் வைத்தாள். நான் நோட்டோடு பக்கத்தில் நின்றேன். செத்தவை கெட்டவைதானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். டைப் ஏ நல்லது என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

பெரிய பாறைக்கு வந்தபோது அம்மாவின் கை நின்றது. பூதக்கண்ணாடியைக் கேட்டாள். பவளத்தின் மடிப்பில் இருந்த வெள்ளைப் பொடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என் காய்ச்சல் மருந்துச் சொட்டுக் குழாயால் அதை உறிஞ்சி, உள்ளங்கையில் விட்டு, மூக்கருகே கொண்டுபோனாள். அப்பா பின்னால் பக்கெட்டோடு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

“டைப் டி-ன்னு எழுதட்டாமா?” என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “இஸ்கூல்ல குடுத்த மாத்திரையத் தின்னியா?”

“தின்னேனே.”

“நல்லா மென்னு தின்னியா?”

“ம்.”

“சரி” என்றாள். உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “டைப் டி-லாம் ஒண்ணும் இல்ல. எழுத வாணாம். நோட்டை மூடி வை.”

திங்கட்கிழமை மீன்கள் செத்தன. பவளங்கள் கரைந்து, பாறையில் வழுவழுப்பாக ஏதோ ஒட்டியிருந்ததோடு முடிந்தது. இறால் இன்னும் ஒருநாள் தாக்குப்பிடித்தது. செவ்வாய்க்கிழமை அப்பா மெயில் பார்க்கப் போனபோது மேனேஜரின் பதில் வந்திருந்தது. டைப் சி ஒரு தட்டைப் புழு. குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தாலே போதும். தயவுசெய்து எந்த மருந்தும் போட்டுவிட வேண்டாம்.

அப்பா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றார். “மருந்து யார் போட்டது?” என்று கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் அழுது, சொல்லியும் இருப்பேன்.

“மருந்து எவன் போட்டான் இங்க?” என்றாள் அம்மா. “நாந்தான் அன்னைக்கி வந்த அலுப்புல கை கழுவாம உள்ள வுட்டுட்டேன். போர்டு தொடைக்கிற ஸ்பிரிட்டு கையில இருந்திருக்கும்.”

அப்பா அவளையே பார்த்தார். “நீயா?”

“நாந்தான்.”

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. இன்றைக்கும் சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு வந்தது சந்தோஷம். அப்படியென்றால் என் மாத்திரை இல்லை! அதுதான் டீச்சரே சொன்னாரே, வேறு யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று. அம்மா கையைக் கழுவாமல் விட்டிருக்கிறாள், அவ்வளவுதான். மூன்று தடவை கழுவுகிறவள் எப்படிக் கழுவாமல் விடுவாள் என்றோ, அந்த வாரம் முழுக்க அவள் தொட்டிப் பக்கமே போகவில்லையே என்றோ எனக்குத் தோன்றவில்லை. தோன்றவிடாமல் பார்த்துக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

மேனேஜர் திரும்பி வந்தார். அப்பா தொட்டியைக் கண்ணாடி பளபளக்கக் கழுவிக் கொண்டுபோய் வைத்தார். அவர் காலித் தொட்டியைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை பரவாயில்லை என்று அப்பாவின் முதுகில் தட்டினாராம். நான்கு மாதம் இருந்துவிட்டு வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். பர்மனென்ட் பற்றி அவரும் பேசவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. அந்த டிராவல்ஸ் டிரைவர்களில் ஒருவரும் பர்மனென்ட் ஆனதில்லை என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்பாவுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். இருந்தாலும் அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அது வீட்டிலேயே இருந்தது.

“அந்தத் தொட்டி மட்டும் நின்னிருந்தா” என்று ஆரம்பிப்பார். ஷிஃப்ட் முடிந்து வந்து காலை நீட்டும்போது, பண்டிகைக்கு வந்த சொந்தக்காரர்களிடம், கம்பெனி சட்டை போட்ட யாராவது தெருவில் போனால். வாக்கியத்தை ஒருநாளும் முடிக்க மாட்டார். முடிக்காமல் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார். நானும் அவரோடு சேர்ந்து திரும்பிப் பார்த்திருக்கிறேன். ஒரு வருடமோ இரண்டு வருடமோ அல்ல, நான் பிளஸ் டூ முடிக்கும்வரை. அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டோ, டிஃபன் பாக்ஸை மூடிக்கொண்டோ இருப்பாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குப் போவாள். அந்த ஒரு மாதத் தூக்கத்தைப் பற்றி அவள் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

இப்போது எனக்கும் ஷிஃப்ட் வேலைதான். பஸ் ஜன்னலில் தலை மோத மோதத் தூங்கிக்கொண்டு போகும்போது, சில நாள், தொட்டி செத்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வரும்.

அன்று அம்மா ஒரு தூக்கம் போட்டு எழுந்து, என்னைக் கூட்டிக்கொண்டு படப்பை வரை பஸ்ஸில் போனாள். மருந்துக் கடையில் ஏதோ கேட்டு வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு இட்லி தின்னவைத்தாள். பிறகு உறையைக் கிழித்து ஒரு மாத்திரையை என் கையில் வைத்தாள். வெள்ளை மாத்திரை, அதே இனிப்பு வாசனை. பள்ளியில் கொடுத்த அதே பூச்சி மாத்திரை.

“மெல்லு” என்றாள்.

அதுதான் பள்ளியிலேயே கொடுத்துவிட்டார்களே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மென்றேன். முழுவதும் விழுங்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். பிறகு என் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லி, இந்தக் கன்னம், அந்தக் கன்னம், நாக்குக்கு அடியில் என்று, லென்ஸில் போர்டு பார்ப்பதுபோல் ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள். சரி, போய் விளையாடு என்று தலையைத் தடவி அனுப்பினாள்.

பாவம் அம்மா, வேலை அலுப்பில் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.